கிரகணி காட்டிய வழி

புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று புறப்பட்டவரல்ல எல்லாப்பிரகட சுப்பராவ். அவரை இழுத்துக்கொண்டு போனது வேறொரு வியாதி. மேல்நாட்டார் அதை ஸ்ப்ரூ என்றார்கள். நம் வைத்தியர்கள் சொல்லும் கிரகணியின் இனம். தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. ரத்தம் வெளுத்து, ஆள் எலும்பாகிவிடுவான். அது அவருடைய சகோதரர்களைக் கொண்டுபோயிற்று. அவரையும் ஒரு பாடு படுத்திவிட்டுத்தான் விட்டது.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்தது நம் சென்னையில். கதர் அங்கியோடு அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிட்டாமல் எல்.எம்.எஸ்.ஸோடு வெளியே வந்தார். 1923-ல் பாஸ்டன் நகரம்; ஹார்வர்டில் படிப்பு, வயிற்றுப் பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. ரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்க, ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1925-ல் அவர் வகுத்த முறை உலகமெங்கும் பரவிற்று. ஹார்வர்டு நிரந்தர உத்தியோகம் மட்டும் தரவில்லை. ஊரில் விட்டு வந்த மனைவியை அவர் மறுபடி பார்க்கவும் இல்லை.

1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்துக் காட்டியது. ரத்தம் ஊறுவதற்கு வேண்டிய சத்து அது, ஸ்ப்ரூவுக்கும் பரிகாரம். பழைய கடன் தீர்ந்தது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அந்தச் சத்தின் வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். வியாதி வேகம் கொண்டது! நல்ல உயிரணுவுக்குச் சோறானது கெட்டதற்கும் சோறுதானே? அப்படியானால் பொய்ச் சோறு போட்டால் என்ன? சுப்பராவின் குழு அமினோப்டெரினை அனுப்பிற்று. பார்வைக்கு ஃபோலிக் அமிலத்தின் உடன்பிறப்பு. உயிரணு ஏமாந்து ஏற்றுக்கொண்டு, பெருக முடியாமல் நின்றுவிடும். 1948 ஜூனில் ஃபார்பர் கணக்குச் சொன்னார்: 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. சில மாதங்களுக்குத்தான். ஆனாலும் அதுவரை டாக்டர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற வியாதி அது.

ஆகஸ்டில், 53-ஆவது வயதில், சுப்பராவ் இறந்துபோனார். அமினோப்டெரினின் தம்பியான மெதோட்ரெக்ஸேட் இன்றும் ரத்தப் புற்றுக்கும் மூட்டு வாதத்துக்கும் உதவுகிறது.

ஆயுள் முழுவதும் தேடி எடுத்த அமுதம் ஒரு வியாதிக்குத் தீனியாகிறது என்று தெரிந்ததும், அதற்கே போலி செய்ய முனைந்தாரே, அந்த மனசுதான் எனக்கு மருந்தைவிடப் பெரிதாகப் படுகிறது.