தீப்பெட்டியும் பெங்கிபொட்டணவும்



மைசூரில் வளரும் என் மகளுக்குத் தீப்பெட்டி என்றால் "பெங்கிபொட்டண"தான். ஊரிலிருந்து வந்து போகும் என் அம்மாவுக்கோ, பிள்ளை நாக்கிலிருந்து தமிழ் நழுவுகிறதே என்று கவலை. அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தபோது கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது.

முதலில் பொருளின் கதை. உரசினால் பற்றும் குச்சியை 1826-ல் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் ஜான் வாக்கர். பாதுகாப்புத் தீக்குச்சிக்கு 1844-ல் காப்புரிமை பெற்றவர் ஸ்வீடனின் குஸ்தாஃப் எரிக் பாஷ். பிறகு ஸ்வீடன், ஜப்பான் தீப்பெட்டிகள் கப்பலேறி இங்கே வந்தன. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றார்கள். அடுத்த ஆண்டே சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது.

பொருள் கப்பலில் வந்தது. பெயரை அவரவர் வீட்டிலேயே செய்துகொண்டார்கள்! நாம் தீயையும் பெட்டியையும் சேர்த்தோம். இலங்கையில் நெருப்புப்பெட்டி. தெலுங்கில் அக்கிபெட்டெ. சென்னைப் பக்கம் வத்திப்பெட்டி. ஊதுவத்தியில் இருக்கும் அதே வத்தி. தூரத்து ஃபின்லாந்தில்கூட தீக்குச்சிக்கு "துலிதிக்கு" என்று பெயர். துலி நெருப்பு, திக்கு குச்சி. நம் தீக்குச்சி மாதிரியேதான்!

கன்னடத்தில் பெங்கி என்றால் நெருப்பு. நம் வகரம் அங்கே பல இடங்களில் பகரமாக நிற்கும். வா என்பது பா, வெல்லம் என்பது பெல்ல, வேண்டும் என்பது பேக்கு. அந்தக் கணக்கில் பெங்கியும் நம் "வே", "வெந்தது" குடும்பம்தான். பொட்டண? மளிகைக் கடையில் மடித்துக் கட்டித் தருவார்களே, அதே பொட்டணம், பொட்டலம். நாம் பெட்டியைப் பார்த்தோம், அவர்கள் பொட்டலத்தைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் பிள்ளைகள் "பெங்கிபொட்டண" என்றால் அதட்டாதீர்கள். கூடவே "தீப்பெட்டி"யையும் சொல்லிக் கொடுங்கள். இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள். திருத்தினால் முகம் வாடும் பிள்ளை, சொல்லைப் பிரித்துக் காட்டினால் அடுத்த சொல்லையும் கேட்கும். பக்கத்து வீட்டு மொழி கற்றதால் தமிழ் போய்விடாது. வீட்டில் நாம் பேசாமல் விட்டால்தான் போகும்.

உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்?