கப்பலேறி வந்த கனி

வரலாறு என்றவுடன் அரசர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளுமே மாணவர்தம் நினைவிற்கு வருகின்றன. கோட்டையும் கல்வெட்டும் வரலாற்றுச் சான்றுகள் என்பதை அவர்கள் அறிவர். ஆனால், வீட்டுக் கொல்லையில் தானே முளைத்து, தானே காய்த்து, யாரும் பொருட்படுத்தாமல் நிற்கும் ஒரு பப்பாளி மரமும் வரலாற்றுச் சான்றுதான் என்று கூறினால் வியப்படைவர். பேரரசுகளின் எழுச்சியும் கடல் வாணிகத்தின் விரிவும் நம் முன்னோரின் குடிபெயர்வும் அம்மரத்தின் கதையில் அடங்கியுள்ளன. அக்கதையைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மா, பலா, வாழை ஆகிய மூன்றையும் முக்கனி எனப் போற்றியது தமிழ் மரபு. சங்கச் சான்றோர் தம் பாடல்களில் எத்தனையோ மரங்களையும் பூக்களையும் பெயர் சொல்லிப் பாடினர். அவ்வரிசையில் பப்பாளிக்கு இடமில்லை. அவர்கள் அதனை மறந்தாரல்லர். அவர்கள் காலத்தில் அம்மரம் தமிழ் மண்ணிலேயே இல்லை. மெக்சிகோவின் தென்பகுதியும் நடு அமெரிக்காவுமே அதன் தாயகம். கொலம்பசு 1492இல் கடல் கடந்து சென்ற பின்னரே வெளியுலகம் அக்கனியைக் கண்டது. மிளகாய், நிலக்கடலை, தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, கொய்யா, அன்னாசி ஆகிய அனைத்தும் அமெரிக்க மண்ணிலிருந்து வந்தவையே. மிளகாய் இல்லாத குழம்பை இன்று நினைத்துப் பார்க்கவும் இயலாது. எனினும், கம்பர் காலத் தமிழர் மிளகைக் கொண்டே காரம் சேர்த்தனர் என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும்.

இனி, பப்பாளி நம் கரைக்கு வந்த வழியைக் காண்போம். போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றினர். இசுபானியர் 1565 முதல் மெக்சிகோவின் அக்கபுல்கோ துறைமுகத்திற்கும் பிலிப்பைன் தீவுகளுக்கும் இடையே பெருங்கப்பல்களைச் செலுத்தினர். அவ்வழக்கம் 1815 வரை நீடித்தது. வெள்ளி நாணயங்களோடு விதைகளும் அக்காலக் கப்பல்களில் பயணம் செய்தன. 1583 முதல் சில ஆண்டுகள் கோவாவில் வாழ்ந்த லின்சோட்டன் எனும் டச்சுக்காரர், தம் பயண நூலை 1596இல் வெளியிட்டார். இப்பழம் இசுபானியரின் அமெரிக்க நாடுகளிலிருந்து பிலிப்பைன் வழியாக மலாக்காவிற்கும், அங்கிருந்து இந்தியாவிற்கும் வந்தது என்று அதில் அவர் குறிப்பிடுகின்றார். 1626இல் இந்தியாவிலிருந்து இத்தாலியின் நேப்பிள்சு நகருக்கு இதன் விதைகள் அனுப்பப்பட்டன.

லின்சோட்டனின் குறிப்பு நமக்குச் சிறப்பான பொருள் தருவதாகும். இந்திய நாட்டுப் பொருள்கள் பல மலாக்கா வழியாகக் கிழக்கே சென்றன என்று நாம் படித்திருக்கிறோம். பப்பாளியோ எதிர்த்திசையில் சென்றது. மலாயாக் கரையில் இறங்கிய பின்னரே அது இந்தியக் கரையைக் கண்டது. தமிழகத்திலிருந்து இங்கு வந்த நம் மூதாதையர் அம்மரத்தை ஊரிலேயே அறிந்திருந்தனர்; ஆயினும் அவர்களுக்கு முன்பே அது இந்நாட்டைத் தொட்டுச் சென்றிருந்தது.

அக்கனி இத்துணை விரைவாகப் பரவியதற்குக் காரணம் உண்டு. மாங்கொட்டையும் பலாக்கொட்டையும் சில வாரங்களில் முளைப்புத் திறனை இழப்பவை. பப்பாளி விதையோ உலர்த்தி வைத்தால் நெடுநாள் கெடாது. ஒரே பழத்தில் நூற்றுக்கணக்கான விதைகள் உள்ளன. நட்டு ஓராண்டுக்குள் பழமும் கிடைக்கிறது. மாதக்கணக்கில் கடலில் மிதந்த மாலுமிக்கு இதைவிட ஏற்ற கைப்பொருள் வேறில்லை.

மொழி ஆசிரியர்களுக்குச் சுவை பயக்கும் செய்தி ஒன்று ஈண்டு உண்டு. ஒரு பொருள் நாடு விட்டு நாடு செல்லும்போது அதன் பெயரில் பயணத்தின் சுவடு பதிந்துவிடுகிறது. கரீபியத் தீவுகளின் பழங்குடியினர் வழங்கிய சொல்லை இசுபானியர் 'பப்பாயா' என்றனர். அதுவே தமிழ் ஒலிமரபை ஏற்றுப் பப்பாளி ஆயிற்று. ஈழத்தமிழர் பப்பாசி என்பர். தெலுங்கில் அது பொப்பாயி. கன்னடத்தாரோ 'பரங்கி ஹண்ணு' என்கின்றனர். பறங்கியர் கொணர்ந்த பழம் என்பது அதன் பொருள். பர்மியர் அதனைக் 'கப்பல் பழம்' எனும் பொருள்பட வழங்குகின்றனர். மலையாளத்தில் உள்ள 'கப்பளங்ஙா' எனும் வழக்கிலும் கப்பல் எனும் சொல்லைக் காண்போர் உளர். தாய்லாந்து மக்கள் அதற்கிட்ட 'மலக்கோ' எனும் பெயரை மலாக்காவோடு தொடர்புபடுத்துவதும் உண்டு. மலாய் மொழி மட்டும் 'பெத்திக்' எனத் தனிப்பெயர் சூட்டிக்கொண்டது. கல்வெட்டுகள் சொல்லாத செய்தியைச் சொற்கள் சொல்கின்றன என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

பெயர் வழிகாட்டுவது போலவே வழி தவறச் செய்வதும் உண்டு. ஆங்கிலம் வழங்கும் பல நாடுகளில் பப்பாளியைப் 'பாவ்பாவ்' என்பர். ஆனால், வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் இதே பெயருடன் வேறொரு மரம் உள்ளது. அது நம் சீத்தாவிற்கும், மலாய் மக்கள் 'டுரியான் பெலாண்டா' எனும் முள்சீத்தாவிற்கும் உறவு. அக்குடும்பத்தில் ஏனைய மரங்கள் பெரும்பாலும் வெப்ப நாட்டவை. இஃதொன்றே கடும்பனியையும் தாங்கி நிற்பது. இலை உதிர்த்துக் குளிர்காலத்தில் உறங்கி, இளவேனிலில் செங்கருநிறப் பூக்களைப் பூக்கும். ஈக்களும் வண்டுகளுமே மகரந்தம் சேர்க்கின்றன. பெரும்பாலும் ஒரு மரம் தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதில்லை. வேறொரு மரம் அருகில் இருத்தல் வேண்டும். இங்கிலாந்து போன்ற குளிர்ந்த கடலோர நாடுகளில் இதனை நட்டோர் ஓர் உண்மையைக் கண்டனர். அங்குள்ள குளிர் இம்மரத்தைக் கொல்வதில்லை. ஆனால் கடற்காற்றால் தணிந்த கோடையில் பழம் முற்றுவதற்குப் போதிய வெப்பம் கிட்டுவதில்லை. மரம் உயிர் வாழ்தல் வேறு, பயன் தருதல் வேறு.

நம் பப்பாளியின் நிலை இதற்கு நேர்மாறானது. ஏறத்தாழ 21 முதல் 33 செல்சியசு வரையிலான வெப்பமே அதற்கு உகந்தது. உறைபனி பட்டால் மடிந்துவிடும். குளிர் மண்டலத்தில் அதனை வளர்க்க விரும்பியோர் ஆண்டீசு மலைத்தொடரில் அதன் உறவினத்தைக் கண்டனர். மலைப்பப்பாளி எனப்படும் அம்மரம் சிலி நாட்டில் பயிராகிறது. அதன் சிறிய மஞ்சள் பழத்தைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்தே உண்பர். நீலகிரியிலும் இலங்கையின் மலைநாட்டிலும் அது குடியேறியது. தமிழர் தேயிலைக் கொழுந்து பறித்த அதே குளிர்மலைகளில் அதற்கும் இடம் கிடைத்தது. எக்குவடோரில் தோன்றிய 'பாபாக்கோ' எனும் கலப்பினம் 1973இல் நியூசிலாந்திற்குச் சென்றது. அதன் ஐந்து பட்டைகள் கொண்ட பழத்தில் விதையே இல்லை. தண்டை வெட்டி நட்டே அதனைப் பெருக்குவர். ஆக, மண்ணும் வானமும் இசையாத இடத்தில் மனிதன் மரத்தை மாற்றிக்கொள்கிறானேயன்றி வானத்தை மாற்றிவிட இயலவில்லை.

மலாயாவில் அத்தகைய இடர் இல்லை. ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் உண்டு. வேரடியில் நீர் தேங்குவது மட்டுமே ஆகாது. இரண்டு நாள் வெள்ளம் நின்றால் வேர் அழுகிவிடும். லங்காட் ஆற்றங்கரையில் தாழ்ந்து கிடக்கும் டெங்கில் வட்டாரத்தில் மேட்டு நிலம் தேடி அதனை நட வேண்டியுள்ளது.

அமெரிக்காவிலிருந்து இங்கு வந்த மற்றொரு மரமே நம் வரலாற்றை மாற்றியது. 1876இல் விக்கம் என்பார் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அதன்பின் எழுந்த தோட்டங்களுக்காக நம் மக்கள் கப்பலேற்றப்பட்டனர். ரப்பர் முதலாளியின் மரம். அதன் பாலில் ஒரு சொட்டும் சீவியவனுக்கு உரியதன்று. லயத்து வீட்டின் பின்புறம் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் பக்கத்தில் நின்ற பப்பாளியோ அவனுக்கே உரியது. காயைக் கூட்டாக்கினர், ஆட்டிறைச்சி மெத்தென்று வேக ஒரு துண்டு காயைச் சேர்த்தனர். பாலில் உள்ள 'பப்பேன்' எனும் செரிமானப் பொருள் இறைச்சியின் புரதத்தைச் சிதைக்கிறது என்பதை ஏடறியாத அன்னையர் கையறிவால் அறிந்திருந்தனர். கருவுற்ற பெண்டிர்க்குக் காயை விலக்கிய எச்சரிக்கையும் அவ்வறிவின் பாற்பட்டதே.

கொல்லையில் வளர்ந்த இக்கனியை ஆய்வுக்கூடம் ஏற்றுக்கொண்ட கதையும் அறியத்தக்கது. பப்பாளியில் ஆண், பெண், இருபால் என மூவகை மரங்கள் உண்டு. சந்தை விரும்பும் நீண்ட பழத்தைத் தருவது இருபால் மரம். அதன் விதையை முளைக்க வைத்தால் மூன்றில் இரண்டு பங்கு இருபாலாகவும் ஒரு பங்கு பெண்ணாகவும் அமையும். ஆகவே, உழவர் ஒரு குழியில் மூன்று கன்றுகளை நட்டு, பூத்த பின் இருபால் கன்று ஒன்றை நிறுத்தி மற்றவற்றைக் களைவர். மூன்றும் பெண்ணாகிவிடும் வாய்ப்பு 27இல் ஒன்றே. கணிதப் பாடத்திற்கு இது நல்லதொரு கணக்காகும்.

1911இல் பார்படோசிலிருந்து ஹவாயித் தீவுகளுக்குச் சென்ற விதைகளிலிருந்து 'சோலோ' எனும் சிறுபழ வகை உருவாயிற்று. ஒருவர் ஒரே அமர்வில் உண்ணத்தக்க அளவினது என்பதால் அப்பெயர். அதன் வழிவந்த 'சன்ரைஸ்' 1968இல் வெளியிடப்பட்டது. இனிமை மிக்கது, ஆயின் சிறியது. நம் சிலாங்கூர் ஊரின் பெயர் தாங்கிய 'சுபாங் 6' பெரும்பழம் தருவது. 1969இல் நிறுவப்பட்டுச் செர்டாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட மார்டி எனும் வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் இவ்விரண்டையும் கலந்தது. பிறந்த கன்றுகளை மீண்டும் மீண்டும் சன்ரைசுடன் கலந்து தேர்ந்தெடுத்தது. இனிமை குன்றாமல் பழம் பெரிதாயிற்று. 1987இல் 'எக்சோத்திக்கா' பிறந்தது. 1991இல் அதன் இரண்டாம் வகை வந்தது. 600 முதல் 900 கிராம் வரை எடையுள்ள அச்செம்பழம் கடல் கடந்த சந்தைகளையும் அடைந்தது. கப்பலேறி வந்த கனி மீண்டும் கப்பலேறியது.

ஆனால் ஒரே வகையைப் பரந்த நிலத்தில் நடுவதில் இடரும் உண்டு. 1991இல் ஜொகூரில் வளையப்புள்ளி நச்சுயிரி காணப்பட்டது. 2003இல் அதே மாநிலத்தில் நுனிக்கருகல் நோய் தோன்றிப் பெருந்தோட்டங்களை அழித்தது. ஒரு நுண்கிருமியின் முன் எக்சோத்திக்கா நிற்கவில்லை. அத்தகைய வேளையில், நோயை எதிர்க்கும் பண்பைத் தேடி ஆய்வாளர் நாட்டுவகைகளையும் காட்டுறவினங்களையுமே நாடுகின்றனர். யாரும் மதிக்காத கொல்லைமரம் ஒரு நாட்டின் சேமிப்பு என்பதை அப்போதுதான் உலகம் உணர்கிறது.

டெங்கில் மக்களாகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே. முதல் உலகப்போரில் போரிட்ட பிரிட்டிஷ் படையினர் 1921இல் தொடங்கிய தோட்டம் பெராங் பெசார். 'பெரும்போர்' என்பது அப்பெயரின் பொருள். அங்கு உருவாக்கப்பட்ட ரப்பர் வகைகள் பி.பி. 86, பி.பி. 260 என அத்தோட்டத்தின் முதலெழுத்துகளைத் தாங்கி உலகெங்கும் நடப்பட்டன. 1995இல் புத்ராஜெயா எழத் தொடங்கியபோது அத்தோட்டம் மறைந்தது. அதிலும் அருகிலிருந்த தோட்டங்களிலும் வாழ்ந்த நம் குடும்பங்கள் டெங்கிலின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. ரப்பர் வகைகளுக்கு எண்ணும் பெயரும் பதிவேடும் உள்ளன. அவற்றைச் சீவியவர்கள் லயத்தின் பின்புறம் வளர்த்த பப்பாளிக்கு எந்தப் பதிவேடும் இல்லை. எந்த மரத்தின் விதையை எவர் எங்கிருந்து கொணர்ந்தார், எந்தக் காய் கூட்டுக்கு உகந்தது, எது தேனாய் இனித்தது என்பன அம்மூதாட்டியரின் நினைவில் மட்டுமே உள்ளன. மாடி வீட்டில் கொல்லை இல்லை. கொல்லை இல்லாத வீட்டில் அந்நினைவு பேசப்படுவதற்கு வாய்ப்பும் குறைவு.

நினைவைக் காப்பது தமிழாசிரியரின் கடமையுள் ஒன்று. அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் ஒரு மேட்டுப்பாத்தி போதும். மாணவர்கள் தம் பாட்டியரிடமும் உறவினரிடமும் விதை கேட்டு வரட்டும். அவ்விதை எந்தத் தோட்டத்தது, எந்த ஆண்டு அங்கிருந்து குடிபெயர்ந்தனர், அந்த லயத்தில் வேறு என்னென்ன மரங்கள் நின்றன என்பனவற்றைக் கேட்டு எழுதட்டும். விதையை உலர்த்தி உறையிலிட்டு, அவ்வுறையின் மேல் அம்மூதாட்டி வாழ்ந்த தோட்டத்தின் பெயரை எழுதி வைக்கட்டும். கட்டுரைப் பயிற்சிக்கும் அறிவியல் பாடத்திற்கும் வரலாற்றுக்கும் அதுவே கருவூலமாகும். அடுத்த ஆண்டே பழமும் கிடைக்கும். நம் தோட்டங்களின் பெயர்களை உச்சரிக்கும் கடைசித் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கின்றது. கேட்பதற்கு உரிய காலம் இதுவே.