பழைய கணினிகளுக்கான மாற்று வன்தட்டு

மாற்று வன்தட்டு என்பது, பழுதடைந்த அல்லது கொள்ளளவு போதாத வன்தட்டுக்குப் பதிலாகக் கணினியில் பொருத்தப்படும் தரவுச் சேமிப்புக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஹார்ட் டிஸ்க் என்றே அழைக்கப்படுகிறது. வன்தட்டு பழுதடைவதால் கணினி முழுவதும் பயனற்றுப் போவதில்லை. குறைந்த செலவில் வேறொரு வட்டைப் பொருத்தி அதனை மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாம். எனினும் விலையை மட்டும் கருதி வாங்கப்படும் வட்டு, கணினியுடன் பொருந்தாமல் போகவோ விரைவில் பழுதடையவோ கூடும். வட்டை மீண்டும் வாங்கலாம். அதில் இருந்த ஒளிப்படங்கள், கணக்குகள், ஆய்வேடுகள் ஆகியவற்றை வாங்க இயலாது.

வரலாறு

முதல் வன்தட்டு 1956 ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தின் ராமாக் 305 கணினியுடன் அறிமுகமானது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்த அது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களைச் சேமித்தது. 1980 இல் சீகேட் நிறுவனம் 5 மெகாபைட் கொள்ளளவுள்ள 5.25 அங்குல வட்டை வெளியிட்டது. பின்னர் 3.5 அங்குல வட்டுகள் மேசைக்கணினிகளிலும், 2.5 அங்குல வட்டுகள் மடிக்கணினிகளிலும் பொதுவாயின. 2011 இல் தாய்லாந்தில் ஏற்பட்ட வெள்ளத்தால் உற்பத்தி பாதிக்கப்பட்டு, உலகெங்கும் வன்தட்டுகளின் விலை உயர்ந்தது.

தமிழ்நாட்டுச் சூழல்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் 2.5 அங்குல சாட்டா வன்தட்டுகள் இருந்தன. பத்தாண்டுகளைக் கடந்துவிட்ட இத்தகைய கணினிகளில் முதலில் தேய்வடையும் உறுப்புகளுள், மின்கலத்துடன் வன்தட்டும் ஒன்றாகும்.

சின்னாளப்பட்டி, திண்டுக்கல் நகரிலிருந்து ஏறத்தாழ 11 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள, சுங்குடிச் சேலைக்கும் நெசவுக்கும் பெயர் பெற்ற ஊராகும். இதனை அடுத்த காந்திகிராமத்தில் 1956 இல் தொடங்கப்பட்ட காந்திகிராம கிராமிய நிறுவனம் உள்ளது. 1976 இல் இது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இத்தகைய ஊரில் பழைய கணினியை வைத்திருக்கும் மாணவர் ஒருவர் வட்டு வாங்குவதற்குத் திண்டுக்கல், மதுரை நகரங்களின் கணினிக் கடைகள், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, இணைய வணிகம் ஆகிய வழிகள் உள்ளன. அருகிலுள்ள கடையில் வாங்கும்போது வட்டைப் பொருத்திச் சோதித்த பின் பணம் தர வாய்ப்புண்டு. தொலைவிலிருந்து வாங்கும்போது, திருப்பி அனுப்பும் காலக்கெடுவுக்குள் சோதனையை முடிப்பது அவசியமாகும்.

இடைமுகம்

வட்டை வாங்குமுன் அறிய வேண்டியவற்றுள் முதலாவது இடைமுகம் ஆகும். 2003 இல் சாட்டா இடைமுகத்தின் முதல் வரையறை வெளியாகும் வரை, மேசைக்கணினிகளில் 40 ஊசிகள் கொண்ட ஐடிஇ இடைமுகமே பரவலாக இருந்தது. மடிக்கணினிகளுக்கான ஐடிஇ வட்டில் மின்சாரத்தையும் சேர்த்து 44 ஊசிகள் உண்டு. ஐடிஇ வட்டையும் சாட்டா வட்டையும் நேரடியாக மாற்றிப் பொருத்த இயலாது. அதற்கு இணைப்பு மாற்றி தேவைப்படும். ஒரே வடத்தில் இரு ஐடிஇ வட்டுகள் இருப்பின், வட்டின் பின்புறமுள்ள சிறு செருகி மூலம் ஒன்றை முதன்மையாகவும் மற்றதை அடுத்ததாகவும் அமைக்க வேண்டும்.

சாட்டா இடைமுகம் நொடிக்கு 1.5, 3, 6 கிகாபிட் என்னும் மூன்று வேகங்களில் உள்ளது. பொதுவாகப் புதிய வட்டு பழைய தாய்ப்பலகையின் வேகத்திற்குத் தானே இறங்கிச் செயல்படும். ஆயினும் வியா நிறுவனத்தின் சில பழைய சில்லுத்தொகுதிகள், 3 கிகாபிட் வட்டுகளை அடையாளம் காணத் தவறின. மடிக்கணினிகளில் வட்டின் தடிமனையும் பார்க்க வேண்டும். 7 மி.மீ. இடமுள்ள கணினியில் 9.5 மி.மீ. வட்டு நுழையாது.

கொள்ளளவு வரம்புகள்

மிகப் பெரிய வட்டு எல்லாக் கணினிகளுக்கும் ஏற்றதன்று. வட்டிலுள்ள பிரிவுகளை 28 பிட் எண்களால் குறிக்கும் கணினிகள் 137 கிகாபைட்டுக்கு மேல் அறியமாட்டா. ஒவ்வொரு பிரிவும் 512 பைட் அளவுடையது என்பதே இக்கணக்கின் அடிப்படை. இவ்வரம்பு 48 பிட் முறையால் நீங்கியது. விண்டோஸ் எக்ஸ்பியில் 2002 இல் வெளியான முதல் சேவைத் தொகுப்பிலிருந்து இதற்கு ஆதரவு உண்டு. அதனினும் பழைய சில பயாஸ் நிரல்கள் ஏறத்தாழ 33.8 கிகாபைட்டுக்கு மேற்பட்ட வட்டைக் கண்டதும் நின்றுவிடும். பழைய வகைப் பிரிவினை அட்டவணையைப் பயன்படுத்தும் கணினிகளில், 512 பைட் பிரிவுகளுடைய வட்டில் 2.2 டெராபைட் வரையே பயன்படும்.

பயன்படுத்திய வட்டுகள்

மிகக் குறைந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் முன்பு பயன்படுத்தப்பட்ட வட்டுகளே. வன்தட்டுகள் தம் நிலையை ஸ்மார்ட் என்னும் முறையில் தாமே பதிவு செய்கின்றன. இயங்கிய மணிகள், மாற்றி ஒதுக்கப்பட்ட பிரிவுகள், ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கும் பிரிவுகள் ஆகிய மூன்றும் இப்பதிவில் முதன்மையானவை. பின்னிரண்டும் சுழியமாக இருத்தல் நன்று.

ஆயினும் தூய பதிவு முழு உறுதியளிப்பதில்லை. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007 இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, பழுதடைந்த வட்டுகளில் 56 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை நான்கு முதன்மை ஸ்மார்ட் குறிகளில் எதையும் காட்டவில்லை. அதேவேளை, முதல் வருடல் பிழை தோன்றிய வட்டு அடுத்த 60 நாட்களில் பழுதடையும் வாய்ப்பு, பிழையற்ற வட்டைவிட 39 மடங்கு அதிகம் எனவும் அது கண்டது. பதிவை அழித்துப் பழைய வட்டைப் புதியதாக விற்பதும் உண்டு. 2025 தொடக்கத்தில் செருமனியில் இத்தகைய விற்பனை வெளிச்சத்துக்கு வந்தது. எனவே வட்டின் வரிசை எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் உத்தரவாதக் காலத்தைச் சரிபார்ப்பது நல்லது.

திண்மநிலை வட்டு

சாட்டா இடைமுகமுள்ள பழைய கணினிகளுக்குச் சுழலும் வட்டுக்கு மாற்றாக எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டையும் பொருத்தலாம். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வன்தட்டில், வேண்டிய பிரிவு படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரவே சராசரியாக 5.6 மில்லிநொடி ஆகிறது. சுழலும் உறுப்புகள் அற்ற திண்மநிலை வட்டில் இத்தாமதம் இல்லை. இதனால் குறைந்த கொள்ளளவுள்ள திண்மநிலை வட்டும் பழைய கணினியின் வேகத்தைப் பெரிதும் கூட்டும். நீக்கப்பட்ட கோப்புகளின் இடத்தை இவ்வட்டுக்குத் தெரிவிக்கும் வசதி விண்டோஸ் 7 முதல் உள்ளது. விண்டோஸ் எக்ஸ்பியில் இல்லை. பெயரறியா மலிவு வட்டுகளில், குறிக்கப்பட்ட கொள்ளளவு உண்மையில் இல்லாமலிருக்கக் கூடும். வட்டு முழுவதையும் எழுதிப் படித்துப் பார்த்தால் இது தெரியவரும்.

தரவு மாற்றம்

பழைய வட்டு இன்னும் இயங்குமாயின், புதிய வட்டு வரும்வரை அதனைப் பயன்படுத்தாமல் நிறுத்துவதே தரவுக்குப் பாதுகாப்பு ஆகும். பிழைகள் உள்ள வட்டைச் சாதாரண முறையில் நகலெடுக்க முயன்றால், பழுதான இடத்தையே அது மீண்டும் மீண்டும் படித்து மேலும் சிதையலாம். குனூ டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற மென்பொருள், நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துப் பழுதான பகுதிகளைப் பின்னர் முயல்கிறது. நல்ல வட்டுகளுக்கு குளோன்சில்லா பயன்படுகிறது. வட்டிலிருந்து இடைவிடாத தட்டல் ஒலி எழுந்தால் மின்சாரத்தை உடனே நிறுத்த வேண்டும். கோப்புகள் இன்றியமையாதவை எனில் தரவு மீட்பு வல்லுநரிடமே தருதல் தகும்.

பழைய வட்டை அகற்றுதல்

கோப்புகளை நீக்குவதாலோ, விரைவு வடிவமைப்பு செய்வதாலோ தரவு அழிவதில்லை. 2000 முதல் 2002 வரை 158 பழைய வட்டுகளை வாங்கிச் சோதித்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் ஆகியோர், படிக்க முடிந்த 129 வட்டுகளில் 12 மட்டுமே முறையாக அழிக்கப்பட்டிருந்தன என 2003 இல் தெரிவித்தனர். மற்றவற்றுள் கடனட்டை எண்களும் தனிப்பட்ட கடிதங்களும் கிடைத்தன. ஆகவே பழைய வன்தட்டைக் கொடுத்துவிடும் முன் அதன் எல்லாப் பிரிவுகளையும் மேலெழுத வேண்டும். இயங்காத வட்டாயின் அதன் தட்டுகளைச் சிதைத்தல் வேண்டும். இந்தியாவில் மின்னணுக் கழிவுகளுக்கான தனி விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் வழிவந்த 2022 ஆம் ஆண்டின் விதிகள் 2023 ஏப்ரல் முதல் செயற்படுகின்றன. இவற்றின்படி இத்தகைய கழிவு, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரைச் சென்றடைய வேண்டும்.