மங்கலுக்கு முன்பே பார்க்க வேண்டியவை: ஹெபடைடிஸ் சி சிகிச்சையும் தென்காசி வட்டாரத்தின் கண் நலமும்

கல்லீரல் நோயைக் கண்ணில் தேடுவது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். காமாலையோ என்ற ஐயம் எழுந்தவுடன் கீழிமையை இழுத்து வெண்விழியின் நிறத்தைப் பார்ப்பதும், மஞ்சள் இல்லையென்றால் ஈரலுக்குக் கேடில்லை என்று ஆறுதல் கொள்வதும் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டார வீடுகளில் இன்றும் காணக்கூடியவையே. ஹெபடைடிஸ் சி இந்தப் பார்வைக்கு எளிதில் பிடிபடுவதில்லை. இரத்தத்தின் வழியே பரவும் இந்த வைரஸ், வெண்விழியை மஞ்சளாக்காமலே இருபது, முப்பது ஆண்டுகள் ஈரலில் தங்கி, அதை மெல்ல மெல்லத் தழும்பாக்கி இறுகச் செய்கிறது. இந்நோய்க்கு நீண்டகாலம் அளிக்கப்பட்ட மருந்து கண்ணின் உட்புறத்தில் விளைவித்த கேடும் பெரும்பாலும் அதே வகையில் ஓசையின்றியே வந்தது. நோயும் பக்க விளைவும் ஒருசேர மௌனமாக இருக்கும் இந்நிலையில், நோயாளி குறை சொல்லும் வரை காத்திருக்கும் மருத்துவமுறை போதாது என்பதும், சிகிச்சையின் தொடக்கத்திலேயே விழித்திரையைப் பார்த்துப் பதிவு செய்வது தென்காசி போன்ற மாவட்டத்திற்கு இன்றும் தேவை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இன்டர்ஃபெரான் காலம்

ஹெபடைடிஸ் சி வைரஸ் 1989இல் அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன்பே, வைரஸை எதிர்க்க உடல் தானே சுரக்கும் புரதமான இன்டர்ஃபெரானை ஊசிவழி செலுத்தும் முயற்சிகள் தொடங்கியிருந்தன. 1990களின் இறுதியில் ரிபாவிரின் என்னும் மாத்திரை அதனுடன் சேர்ந்தது. 2001ஐ ஒட்டி, உடலில் நீண்ட நேரம் தங்கும்படி மாற்றப்பட்டு வாரம் ஒருமுறை மட்டும் போடப்படும் பெகிலேட்டட் இன்டர்ஃபெரான் வழக்கத்திற்கு வந்தது. வைரஸின் மரபணு வகையைப் பொறுத்து 24 அல்லது 48 வாரங்கள் நீண்ட இச்சிகிச்சை காய்ச்சல், உடல்வலி, மனச்சோர்வு, இரத்தச்சோகை ஆகியவற்றைக் கொண்டுவந்ததால், நோயாளியும் மருத்துவரும் அவற்றைத் தாங்குவதிலேயே முழுக்கவனம் செலுத்த நேர்ந்தது. கண் அந்தப் பட்டியலின் கடைசியில் நின்றது.

இன்டர்ஃபெரானால் விழித்திரைக்கு நேரும் கேடு 1990இல் ஜப்பானிய மருத்துவர்களால் முதலில் விவரிக்கப்பட்டது. கண்ணின் பின்சுவரில் ஒளியை உணரும் மெல்லிய சவ்வே விழித்திரை. அங்குள்ள நுண்ணிய இரத்தக்குழாய்களில் வெள்ளணுக்கள் ஒட்டிக்கொள்வதாலோ, நோயெதிர்ப்புப் புரதக்கூட்டுகள் படிவதாலோ குருதியோட்டம் தடைப்படும்போது, அவ்விடத்து நரம்பிழைகள் வீங்கி, கண் மருத்துவருக்குப் பஞ்சுத் துணுக்கு ஒட்டினாற்போன்ற வெண்திட்டுகளாகத் தெரிகின்றன. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் வட்டத்தைச் சுற்றிச் சிறு இரத்தக்கசிவுகளும் அவற்றுடன் காணப்படும். இன்டர்ஃபெரான் இரத்தத் தட்டணுக்களைக் குறைப்பதும் ரிபாவிரின் சிவப்பணுக்களைச் சிதைப்பதும் இக்கசிவுகளுக்கு மேலும் இடமளிக்கின்றன. சிகிச்சை பெற்றவர்களில் இக்கேடு நேர்ந்தோரின் அளவை ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு என்று சில ஆய்வுகளும், ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேல் என்று வேறு சில ஆய்வுகளும் கணித்துள்ளன. இந்தப் பெரும் வேறுபாட்டிற்கு ஒரு முக்கியக் காரணம், எத்தனை பேரின் கண்ணை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தார்கள் என்பதே. தேடிய இடத்தில் அது கிடைத்தது. தேடாத இடத்தில் இல்லை என்றே எண்ணப்பட்டது.

பெரும்பாலோருக்கு இத்திட்டுகள் முதல் சில மாதங்களில் தோன்றி, பார்வையைக் குறைக்காமல், மருந்து நின்ற பின்போ சில வேளைகளில் மருந்து தொடரும்போதோ மறைந்துவிடும். ஆயினும் விழித்திரையின் சிரை அடைபடுவது, பார்வை நரம்பு குருதியின்றி வாடுவது போன்றவை அரிதாக நேர்ந்து நிரந்தர இழப்பைத் தந்துள்ளன. சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பதால், சிகிச்சை தொடங்குமுன் அனைவருக்கும் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும், முன்பே கண்கோளாறு உள்ளவர்களுக்கு அதை இடையிடையே திரும்பச் செய்ய வேண்டும் என்றும் பெகிலேட்டட் இன்டர்ஃபெரானின் மருந்துக் குறிப்பே அறிவுறுத்துகிறது.

நோயாளியின் சொற்கள்

கண் குறித்த முறையீடுகளுக்கு இவ்வட்டாரப் பேச்சில் பல சொற்கள் உண்டு; கூர்ந்து கேட்டால் அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு உடற்காரணத்தைச் சுட்டுவதைக் காணலாம். "கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்பவருக்குக் கண்ணில் நோய் இல்லாமலே இருக்கலாம். ரிபாவிரினால் வந்த இரத்தச்சோகையோ, சர்க்கரைத் தாழ்வோ, இதயத்துடிப்பின் மந்தமோ அதற்குக் காரணமாகலாம். "மங்கலாத் தெரியுது" என்பது புரையையோ, சர்க்கரை ஏறி இறங்குவதால் கண்ணின் வில்லை வீங்கிச் சுருங்குவதையோ, விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்திருப்பதையோ குறிக்கலாம். "பூச்சி பறக்கு" என்பது கண்ணுக்குள் கசிந்த குருதியின் நிழலாக இருக்கக்கூடும். "ஒரு பக்கம் மறைக்குது" என்பது சிரை அடைப்பு, பார்வை நரம்பின் பாதிப்பு, விழித்திரை விலகல் ஆகியவற்றின் குரலாகலாம் என்பதால் அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பப்பட வேண்டிய சொல் அது. "கண்ணு உறுத்துது" என்பது கண்ணீர் வற்றியதால் இருக்கலாம். கண்ணும் வாயும் உலர்வது ஹெபடைடிஸ் சி நோயாலேயே ஏற்படக்கூடியதாகையால், அதை மருந்தின் மேல் மட்டும் சுமத்திவிட முடியாது.

இச்சொற்கள் அனைத்தையும் "பார்வைக் கோளாறு" என்ற ஒரே வரியில் மருத்துவக் குறிப்பேடு அடக்கிவிடும்போது, நோயாளி தந்த தகவலின் பெரும்பகுதி அழிந்துபோகிறது. அதனினும் முக்கியமானது, மேற்சொன்ன வெண்திட்டுக்கு நோயாளியிடம் சொல்லே இல்லை என்பது. பார்வை குறையாதவரை அவர் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. ஆகவே கேட்பது தேவை; ஆனால் கேட்பது மட்டும் போதாது, கண்மணியைச் சொட்டு மருந்தால் விரித்து உள்ளே பார்த்தாக வேண்டும்.

ஊரும் தொலைவும்

2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியில் இந்நோய் பெரும்பாலும் வேறொரு காரணத்திற்காக எடுக்கும் இரத்தப் பரிசோதனையிலேயே வெளிப்படக்கூடியது. வளைகுடா வேலைக்கான உடற்தகுதிச் சோதனை, இரத்ததானம், அறுவைக்கு முந்தைய சோதனை, சிறுநீரகக் குருதிச் சுத்திகரிப்பு ஆகியவை அதன் வழக்கமான வாயில்கள். வெளிநாட்டு வேலையை நம்பியிருக்கும் கடையநல்லூர் போன்ற ஊர்களில் அச்சோதனை முடிவு ஒரு குடும்பத்தின் வருமானத்தையே தடுத்து நிறுத்தும் தாளாகிறது. அந்த அதிர்ச்சியில் சிகிச்சையை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எழும்போது, குறையேதும் தெரியாத கண்ணைக் காட்டச் செல்வது யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்டர்ஃபெரான் காலத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையாக இருந்தது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் காக்கப்பட வேண்டிய ஊசிமருந்து, பல இலட்சம் ரூபாய்ச் செலவு, ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருநெல்வேலிக்கோ அதனினும் தொலைவான மதுரைக்கோ பயணம் என்ற நிலையில், கண்ணுக்காகத் தனியே ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலியையும் துணைக்கு வருபவரின் கூலியையும் இழப்பதாகும். மணியை விரித்த கண்ணோடு வெயிலில் தனியே திரும்பவும் இயலாது. திருநெல்வேலியில் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கிவருவதால் தேர்ந்த கண் சிகிச்சை எட்டாத தொலைவில் இல்லை; ஈரல் மருத்துவத்திற்கும் கண் மருத்துவத்திற்கும் இடையிலான பரிந்துரைச் சீட்டு எழுதப்படாதபோதுதான் அது எட்டாததாகிறது.

குறையைப் பிறிதொன்றாகக் கருதிவிடவும் இவ்வூரில் இடமிருக்கிறது. ஊசிக்குப் பின்வரும் குளிர்காய்ச்சலைச் சாரல் காலத்தில் அருவிக் குளியலால் வந்தது என்றும், கண் சிவப்பை மெட்ராஸ் ஐ என்றும், நடுவயதினரின் மங்கலைக் கண்ணாடி போடும் வயது என்றும் எண்ணிவிடுவது இயல்பு. இதன் விளைவைப் பீடித் தொழிலில் நெருங்கிக் காணலாம். ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்து வீட்டுத் திண்ணைகளில் மடியில் தட்டை வைத்து, இலையை அளவுக்கு நறுக்கி, தூளை இட்டுச் சுருட்டி, நுனியை மடக்கி, மெல்லிய நூலால் கட்டும் பெண்ணுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் கூலி. பழகிய விரல்கள் பார்வையின் குறையைப் பல நாள் ஈடுசெய்துவிடும். ஒரு கண் தெளிவாக இருக்கும்வரை மற்றொன்றின் இழப்பு உணரப்படாமலே போகலாம். வேலை நடக்கிறது என்பது கண் நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

புதிய மாத்திரைகளும் பழைய கடமையும்

வைரஸ் பெருகும் வழியையே நேரடியாகத் தடுக்கும் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் 2013 இறுதியிலும் இந்தியாவில் 2015 தொடக்கத்திலும் ஒப்புதல் பெற்றது. இந்திய நிறுவனங்களின் குறைந்த விலைத் தயாரிப்புகளும், 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டமும் நிலைமையை மாற்றின. பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைகளே போதும். அவர்களில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் முற்றிலும் குணமாகின்றனர். இன்டர்ஃபெரான் காலத்தில் பரவலாகக் கண்ட விழித்திரைக் கேடு இம்மாத்திரைகளுடன் அவ்வாறு காணப்படவில்லை. ஆகவே இவற்றைக் கண்ணைக் கெடுக்கும் மருந்துகள் என்று அஞ்சி ஒதுக்குவது பெருந்தவறாகும்.

எனினும் கண் குறித்த கடமை இதனால் முடிந்துவிடவில்லை. நோய் முற்றி ஈரல் செயலிழந்தவர்களுக்கு ரிபாவிரின் இன்றும் சேர்க்கப்படுகிறது. வைரஸ் நீங்கும்போது சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்படக்கூடும் என்பதால், பழைய அளவிலேயே மருந்தெடுக்கும் சர்க்கரை நோயாளிக்குத் திடீர்த் தாழ்வும் அதனுடன் மங்கலும் வரலாம். இதயத் துடிப்புச் சீர்கேட்டிற்கு அமியோடரோன் எடுப்பவருக்குச் சோஃபோஸ்புவிர் சேரும்போது துடிப்பு அபாயகரமாகக் குறையலாம் என்று 2015இல் எச்சரிக்கை வெளியானது. அவருடைய "கண் இருட்டல்" உயிர் சார்ந்த அறிகுறி. இன்டர்ஃபெரானும் ஹெபடைடிஸ் பி, டி ஆகியவற்றிற்கும் சில இரத்த நோய்களுக்கும் இன்னும் பயன்பட்டுவருகிறது.

பாதுகாப்பான மருந்து வந்தபின் கண் பரிசோதனையை வலியுறுத்துவது சிகிச்சையைத் தாமதப்படுத்தும் என்ற மறுப்பு எழலாம். அதில் நியாயம் உண்டு. மாத்திரை தொடங்குவதற்குக் கண் சீட்டை நிபந்தனையாக்கினால் சிலர் சிகிச்சையையே கைவிடுவர். ஆகவே புதிய மாத்திரைகள் மட்டும் எடுப்பவர்களுக்கு அது நிபந்தனையாகாமல், முதல் மாதத்திற்குள் முடிக்கும் துணைப்பணியாக அமையலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், ரிபாவிரின் ஆகிய மூன்றில் ஒன்று உள்ளவர்களுக்கு முன்னுரிமை தரலாம். இன்டர்ஃபெரான் பெறுபவர்களுக்கு மட்டும் முதல் ஊசிக்கு முன் அது கட்டாயமாக வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு ஆண்டுதோறும் செய்ய வேண்டிய விழித்திரைப் பரிசோதனையே இதற்கும் பயன்படும் என்பதால் புதிய செலவு சிறிதே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர்களிடம் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு அழுத்தம் என்ற பட்டியல் முன்பே இருக்கிறது. தென் மாவட்டச் சிற்றூர்களில் தொலைவழியாக மருத்துவரோடு இணைந்து இயங்கும் பார்வை மையங்களின் அனுபவமும் கைவசம் உள்ளது.

சிகிச்சைக் குறிப்பேட்டில் வைரஸ் அளவுக்கும் ஈரல் நொதிகளுக்கும் இடம் ஒதுக்கியிருப்பதைப் போலவே, விழித்திரை பார்க்கப்பட்ட நாளுக்கும் இரு கண்களின் பார்வை அளவுக்கும் இரண்டு கட்டங்கள் சேர்க்கப்பட வேண்டும். தொடக்கத்து அளவு அங்கே எழுதப்பட்டிருந்தால்தான், ஆறாம் வாரத்தில் "மங்கலாத் தெரியுது" என்று ஒருவர் வந்து சொல்லும்போது, அது மருந்தால் வந்ததா, சர்க்கரையால் வந்ததா, முன்பே இருந்த புரையா என்று பிரித்தறிய இயலும். வைரஸ் நீங்கிய நோயாளி, பழைய பார்வையோடு தன் தொழிலுக்குத் திரும்புவதும் அச்சிகிச்சையின் வெற்றிக் கணக்கில் சேர வேண்டியதே.