சாரியாவில் தோற்றது எது?

கால்பந்து ஆட்டத்தில் வெற்றி பெறுவது பெரிதா, காண்போர் மகிழ அழகுற ஆடுவது பெரிதா என்னும் வழக்கு மிகப் பழையது. ஆட்டம் என்பதே போட்டி. போட்டியில் நுழைந்தவன் வெல்லவே வேண்டும். அழகு வேண்டுமெனில் நாட்டிய அரங்குக்குப் போகலாம் என்பார் ஒரு சாரார். வெற்றி மட்டுமே குறிக்கோள் என்றால் இத்தனை கோடி மக்கள் ஏன் திடலைச் சுற்றிக் கூடுகிறார்கள், முடிவை மறுநாள் செய்தித்தாளில் படித்துக் கொண்டால் போதாதா என்று கேட்பார் மறு சாரார். இரு தரப்பாரும் சான்று தேடிச் செல்லும் இடம் பெரும்பாலும் ஒன்றே. அது பார்சலோனா நகரின் சாரியா திடல். நாள் 1982 ஜூலை 5.

அன்று உலகக் கோப்பையின் இரண்டாம் சுற்றில் பிரேசில் அணி இத்தாலியிடம் 3-2 என்ற கோல் கணக்கில் தோற்றது. அழகு தோற்றது, காரியம் வென்றது என்று உலகம் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டது. அத்தீர்ப்பு எவ்வளவு சரியானது என்பதை நாம் இங்குச் சற்றே ஆராய்வோம். ஏனெனில், ஒரு தோல்வியிலிருந்து மனிதர் எத்தகைய பாடத்தைக் கற்கிறார்கள் என்பது விளையாட்டுத் திடலோடு முடிந்துவிடும் செய்தி அன்று.

முதற் காயம்

சாரியாவைப் புரிந்து கொள்ள நாம் முப்பத்திரண்டு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டு உலகக் கோப்பை பிரேசில் நாட்டிலேயே நடந்தது. இறுதிச் சுற்றில் சுவீடனை 7-1 எனவும், ஸ்பெயினை 6-1 எனவும் வென்ற பிரேசில், ஜூலை 16 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா திடலில் உருகுவேயைச் சந்தித்தது. சமநிலை கண்டாலே கோப்பை பிரேசிலுக்கு. ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்கள் விழாக் கோலத்தில் கூடியிருந்தனர். இடைவேளைக்குப்பின் பிரேசிலே முதல் கோலை அடித்தது. ஆனால் உருகுவேயின் ஸ்கியாஃபினோ சமன் செய்ய, ஆட்டம் முடியப் பதினொரு நிமிடங்கள் இருக்கையில் கிஜ்ஜா இரண்டாம் கோலை அடித்தார். மரக்கானா ஊமையானது.

அத்துயரத்தைத் தாங்க இயலாத நாடு குற்றவாளியைத் தேடிற்று. கோல் காவலர் பார்போசாவின் மீது பழி விழுந்தது. அவருடன் பிகோடே, ஜுவெனால் என்னும் தடுப்பாட்டக்காரர் இருவரும் பழி சுமந்தனர். மூவரும் கறுப்பினத்தவர். அணியின் வெள்ளைச் சட்டையும் குற்றத்திலிருந்து தப்பவில்லை. அது கைவிடப்பட்டு, இன்று உலகறிந்த மஞ்சள் சட்டை 1954இல் வந்தது. சட்டையை மாற்றியதால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் பார்போசா 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை, அரை நூற்றாண்டுக் காலம், ஒரு பிற்பகலில் தம்மைக் கடந்து சென்ற ஒரு பந்துக்காக நினைக்கப்பட்டார். வெற்றியே எல்லாம் என்று ஒரு மக்கள் கூட்டம் நம்பும்போது, தோல்வியின் விலையை எங்கோ ஒரு தனி மனிதன் தன் வாழ்நாளால் செலுத்த நேர்கிறது. வெற்றி பெரிதா அழகு பெரிதா என்று வழக்காடுவோர் இதனை மறத்தலாகாது.

சாரியாவில் நடந்தது என்ன?

1982இல் பிரேசில் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் டெலே சந்தானா. பந்தைத் தம் வசம் வைத்து, ஒருவருக்கொருவர் விரைந்து கொடுத்து, முன்னேறித் தாக்குவதே ஆட்டம் என்பதில் அசையாத நம்பிக்கை கொண்டவர். ஜீக்கோ, ஃபல்காவ், செரேசோ, ஏடர், ஜூனியர் ஆகியோர் அவ்வணியில் இருந்தனர். அணித் தலைவர் சோக்ரட்டீஸ் முறைப்படி மருத்துவம் பயின்றவர். பிரேசிலில் இராணுவ ஆட்சி நிலவிய அந்நாளில், தம் கொரிந்தியன்ஸ் கழகத்தில் எல்லா முடிவுகளும் வாக்கெடுப்பின் வழியே எடுக்கப்பட வேண்டும் என்று போராடிச் செயற்படுத்தியோருள் முதன்மையானவர். இவர்கள் சோவியத் ஒன்றியம், ஸ்காட்லாந்து, நியூசிலாந்து, அர்ஜென்டினா ஆகிய நான்கு அணிகளையும் வென்று 13 கோல்களைக் குவித்து, சாரியாவுக்கு வந்தனர்.

எதிரணியான இத்தாலியோ முதற்சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் சமநிலையே கண்டு, இரண்டே கோல்கள் அடித்து, தட்டுத் தடுமாறி மேலேறியிருந்தது. பின்னர் அர்ஜென்டினாவை 2-1 என வென்றது. அதன் முன்னணி வீரர் பாவ்லோ ரோசி, பந்தய ஊழல் வழக்கொன்றில் விதிக்கப்பட்ட இரண்டாண்டுத் தடை முடிந்து அப்போதுதான் திரும்பியவர். அதுவரை ஒரு கோலும் அடிக்காதவர். கோல் கணக்கின் வேறுபாட்டில் முந்தியிருந்த பிரேசிலுக்கு, 1950இல் போலவே, சமநிலையே போதுமானதாயிருந்தது.

ஐந்தாம் நிமிடத்தில் ரோசி தலையால் முட்டி முதல் கோல் அடித்தார். பன்னிரண்டாம் நிமிடத்தில் சோக்ரட்டீஸ் சமன் செய்தார். இருபத்தைந்தாம் நிமிடத்தில் செரேசோ தம் பகுதியிலேயே குறுக்காகத் தட்டிய பந்து கவனக் குறைவால் ரோசியின் காலில் சிக்க, அதுவே இரண்டாம் கோலாயிற்று. அறுபத்தெட்டாம் நிமிடத்தில் ஃபல்காவ் மீண்டும் சமன் செய்தார். எழுபத்து நான்காம் நிமிடத்தில் ஒரு மூலை உதையைத் தொடர்ந்து ரோசியே மூன்றாம் கோலையும் அடித்தார். இறுதிக் கணங்களில் பிரேசிலின் ஆஸ்கர் தலையால் முட்டிய பந்தை, நாற்பது வயதுக் கோல் காவலர் டினோ சோஃப் கோட்டருகே பிடித்து நிறுத்தினார்.

இந்தக் கோல்களை ஒவ்வொன்றாக நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். முதலாவது, எதிரணி வீரரைக் காவாமல் விட்ட பிழை. இரண்டாவது, ஒரு கவனப் பிசகு. மூன்றாவதோ, பிரேசில் அணியினர் தற்காப்புக்காகத் தம் கோல் முன்னே திரண்டு நின்றபோதே விழுந்தது. அழகாக ஆடியதனால் விழுந்த கோல் என இம்மூன்றில் எதனையும் சொல்வதற்கில்லை. மேலும், அன்று இத்தாலி அழகற்று ஆடியது என்பதும் அவதூறே. முற்காலத்தில் பூட்டுப் போட்டது போன்ற தடுப்பாட்டத்துக்குப் பெயர் பெற்ற நாடு அது. ஜீக்கோவை நிழல் போல் தொடர்ந்த ஜென்டிலே அவருடைய சட்டையைக் கிழித்ததும் உண்மை. ஆயினும் கோன்டி, அன்டோன்யோனி, ஷிரேயா ஆகியோர் அன்று ஆடிய ஆட்டம் எவரும் கண்டு மகிழத்தக்கது. பிரேசிலோடு சமநிலையில் நிற்பதால் அவர்களுக்குப் பயனில்லை. வென்றே தீர வேண்டும் என்பதால் முன்னேறித் தாக்கினார்கள். பின்னர்ப் போலந்தையும், இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனியையும் வென்று அவர்கள் கோப்பையைக் கைக்கொண்டது முறையே.

தவறான பாடம்

ஆனால் உலகம் வேறு பாடம் படித்தது. அழகை நம்பினால் கைவிடப்படுவோம் என்ற அச்சம் பரவியது. 1986இல் டெலே சந்தானா மீண்டும் பிரேசிலை வழி நடத்தினார். ஐந்து ஆட்டங்களில் அவ்வணி வாங்கியது ஒரே ஒரு கோல்தான். எனினும் குவாதலஹாராவில் பிரான்சுடன் 1-1 என்ற சமநிலைக்குப் பின் பெனால்டி உதைகளில் வெளியேறியது. பிரேசில் மக்கள் வழக்கில் இராசியற்றவனைக் குளிர்ந்த பாதம் உடையவன் என்பர். அப்பட்டம் டெலேயின் மீது ஒட்டிக் கொண்டது. அன்று பார்போசா, இன்று டெலே. 1990இல் லசரோனி என்னும் பயிற்சியாளரின்கீழ்ப் பிரேசில் தடுப்பாட்டத்தை வலுப்படுத்தி இத்தாலிக்குச் சென்றது. நான்கு ஆட்டங்களில் நான்கு கோல்கள் அடித்து, அர்ஜென்டினாவிடம் 1-0 எனத் தோற்றுத் திரும்பியது. அழகைத் துறந்தும் வெற்றி கிட்டவில்லை.

அவ்வாண்டு பிரேசில் மட்டுமன்று, பெரும்பாலான அணிகளும் அச்சத்தோடே ஆடின. 52 ஆட்டங்களில் விழுந்தவை 115 கோல்கள், சராசரி 2.21. உலகக் கோப்பை வரலாற்றில் இதனினும் குறைந்த சராசரி இல்லை. அயர்லாந்து ஐந்து ஆட்டங்களில் இரண்டே கோல்கள் அடித்து, ஆட்ட நேரத்தில் ஒன்றையும் வெல்லாமலே காலிறுதி வரை வந்தது. முன்னணியில் இருக்கும் அணி பந்தைத் திரும்பத் திரும்பத் தன் கோல் காவலரிடமே தட்டிவிட, அவர் கையால் எடுத்து வைத்துக் கொண்டு நேரத்தைக் கடத்துவார். விதி அதற்கு இடம் தந்தது.

இவ்வகைக் கணக்காட்டத்தின் உச்சத்தை 1982லேயே உலகம் கண்டிருந்தது. சாரியாவுக்குப் பத்து நாள்கள் முன்பு, ஜூன் 25 அன்று, ஸ்பெயினின் கிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஓரிரு கோல் வேறுபாட்டில் வென்றால் இரு அணிகளும் மேலேறலாம். முன்னரே ஜெர்மனியை வென்றிருந்த அல்ஜீரியா வெளியேறிவிடும். பத்தாம் நிமிடத்தில் ஜெர்மனி ஒரு கோல் அடித்தது. அதன்பின் இரு அணிகளும் பந்தை அங்குமிங்கும் தட்டிக் கொண்டு பொழுதைப் போக்கின. இருவரும் விரும்பியதை இருவரும் பெற்றனர். விதி எதுவும் மீறப்படவில்லை. ஆனால் ஆட்டம் செத்துப்போயிற்று. பயனே போதும் என்னும் கொள்கையை அதன் இறுதி எல்லைவரை கொண்டு சென்றால் நாம் சென்று சேரும் ஊர் கிஹோன்தான்.

ஆகவே, விளையாட்டை ஆள்வோரே விதிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. 1986 முதல் பிரிவின் இறுதி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்பட்டன. 1992இல், தன் அணியினர் வேண்டுமென்றே காலால் தட்டித் தரும் பந்தைக் கோல் காவலர் கையால் எடுத்தலாகாது என விதி வந்தது. 1994 உலகக் கோப்பையில் வெற்றிக்கு இரண்டு புள்ளிகளுக்கு மாறாக மூன்று தரப்பட்டன. அவ்வாண்டு கோல்களின் சராசரி 2.71 ஆக உயர்ந்தது. வெற்றியைக் காப்பதற்கு எவரும் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. அதற்கு மனிதரின் ஆசையே போதும். அழகுக்கோ சட்டத்தின் துணை தேவைப்பட்டது.

டோக்கியோவில் கிடைத்த விடை

இராசியற்றவர் எனப்பட்ட டெலே சந்தானா 1990இல் சாவோ பாவ்லோ கழகத்தின் பொறுப்பேற்றார். தம் கொள்கையை அவர் மாற்றிக் கொள்ளவில்லை. 1991இல் பிரேசில் வாகையும், 1992, 1993 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தென்னமெரிக்கக் கண்டத்தின் லிபெர்டடோரஸ் கோப்பையும் அக்கழகத்துக்குக் கிடைத்தன. 1992 டிசம்பரில் டோக்கியோவில் ஐரோப்பிய வாகையரான பார்சலோனாவை 2-1 என வென்றது. இரு கோல்களையும் அடித்தவர் ராயி. அடுத்த ஆண்டு அதே டோக்கியோவில் மிலான் அணியை 3-2 என வென்றது. அந்த இரண்டாம் ஆட்டத்தில் சாவோ பாவ்லோவின் ஒரு கோலை அடித்தவர் முப்பத்தெட்டு வயதான செரேசோ. சாரியாவில் ரோசியின் காலில் பந்தைக் கொடுத்த அதே செரேசோதான். டெலே அவரை ஒதுக்கவில்லை என்பதையும் நாம் கருத வேண்டும்.

இதைக் கொண்டு, அழகு எப்போதும் வெல்லும் என்று நாம் எழுதிவிட முடியாது. அடுத்த ஆண்டே, 1994இல், பரேய்ராவின் பயிற்சியில் துங்காவைத் தலைவராகக் கொண்ட பிரேசில், கட்டுக்கோப்பான ஆட்டத்தால் இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப்பின் உலகக் கோப்பையை வென்றது. ஏழு ஆட்டங்களில் 11 கோல்கள் அடித்து மூன்றே வாங்கியது. டோக்கியோவின் நாயகன் ராயிக்கே அவ்வணியில் நிலையான இடமில்லை. இறுதியாட்டம் கோலின்றி முடிந்து பெனால்டியில் தீர்ந்தது. ரொமாரியோவும் பெபேட்டோவும் இருந்த அணியை அழகற்றது என்று இகழ்வதும் நீதியாகாது. ஆனால் 1994இல் வென்ற அணியைவிட 1982இல் தோற்ற அணியைப் பற்றியே மக்கள் மிகுதியாகப் பேசி வருகின்றனர். வெற்றி ஏட்டில் நிற்கிறது. ஆட்டம் நினைவில் நிற்கிறது.

அவ்வாறாயின் நம் வினாவுக்கு விடை என்ன? வெற்றியை விரும்பாமல் ஆடுவது ஆட்டமே அன்று. அது எதிராளியையும் காண்போரையும் ஏமாற்றுவது. கிஹோனில் நிகழ்ந்த குறையும் அதுவே. வெற்றி ஆட்டத்தின் இலக்கு. ஆனால் மனிதர் ஆடுவதற்கு அது மட்டுமே காரணம் அன்று. அதுவே காரணமாயின், 1982இல் ஸ்பெயினுக்கு வந்த 24 அணிகளுள் 23 அணிகளின் உழைப்பு முழுதும் வீண் என்றாகிவிடும். அதை எவரும் ஒப்பார்.

அழகை விரும்புவோருக்கும் ஒரு கடமை உண்டு. செரேசோவின் பந்து பிழையே. அழகின் பெயரால் கவனக் குறைவை மன்னித்துவிட முடியாது. பிழையைத் திருத்த வேண்டும். ஆனால் பிழைக்காகக் கொள்கையைக் கைவிடலாகாது. இவ்விரண்டையும் பிரித்து அறிந்தவர் டெலே சந்தானா. 1950இல் ஒரு மனிதன்மீதும் அவன் நிறத்தின்மீதும் பழியிட்ட கூட்டமும், 1982இல் அழகின்மீது பழியிட்ட கூட்டமும் இதை அறியத் தவறின. தோல்வியின் வலி பொறுக்க முடியாதபோது அருகில் இருக்கும் எதையாவது பலியிட மனம் துடிக்கிறது. பல வேளைகளில் நம்மிடமிருந்த நல்லதையே பலியிட்டு விடுகிறோம்.

சாரியா திடல் 1997இல் இடிக்கப்பட்டுவிட்டது. டெலே சந்தானா 2006லும், சோக்ரட்டீஸ் 2011லும், பாவ்லோ ரோசி 2020லும் மறைந்தனர். அந்தப் பிற்பகலில் அங்கே தோற்றது எது என்று இனியொருவர் கேட்டால், ஓர் அணி ஓர் ஆட்டத்தில் தோற்றது என்று விடை கூறுவோம். அதற்கு மேல் எதுவும் அன்று தோற்கவில்லை.