ஊர் பஸ்ஸில் ஏறுங்கள்: யாழ்ப்பாணம் போகும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

கோடை விடுமுறை நெருங்கினால் புலம்பெயர் வீடுகளில் பயணக் கணக்குத் தொடங்கிவிடும். விமானச் சீட்டுக்கு அடுத்த செலவு வாடகை வான். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் போனோம். மூன்று கிழமை குளிரூட்டிய வானில் ஊர் சுற்றியும், எங்கள் பிள்ளைகள் உறவினரைத் தவிர வேறு ஒருவரோடும் ஒரு வசனம் கதைக்கவில்லை. அடுத்த முறை பஸ்ஸில் திரிந்தோம். அதில் தெரிந்துகொண்டவற்றைக் கீழே தருகிறோம்.

சிவப்பும் மற்ற நிறங்களும்

சிவப்பு பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபையினுடையது. தனியார் கம்பனிகளின் பஸ்களை அரசு பொறுப்பேற்று 1958 ஜனவரி 1 இல் தொடங்கிய சேவையின் தொடர்ச்சி அது. 1979 இல் தனியாருக்கு மீண்டும் இடம் கிடைத்தது. வீதியில் இன்று காணும் நிறங்களில் பல அதன் பிறகு வந்தவை. மினிபஸ்ஸின் முன்கண்ணாடிக்கு மேலே பிள்ளையார், முருகன், மாதா. சுற்றிவர பிளாஸ்ரிக் பூமாலை, மினுங்கும் விளக்கு, உரத்த பாட்டு. தெற்கே போனால் அதே இடத்தில் புத்தர் இருப்பார்.

எங்கள் வயதுக்காரருக்கு இவற்றைப் பார்த்ததும் தட்டிவான் நினைவு வரும். பலகையால் அடித்த உடம்பு, பின்தட்டில் மரக்கறிக் கடகங்கள், உள்ளே சந்தைக்குப் போகும் சனம். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டு வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடியதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தெரிந்திருக்க வேண்டிய இலக்கங்கள்

87: கொழும்பு – யாழ்ப்பாணம், ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவுச் சேவைகள் பல உண்டு. ஆனாலும் ஒருமுறையாவது பகலில் போங்கள். வவுனியாவுக்கு வடக்கே ஓடுவது ஏ9 வீதி. 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்ட அந்தப் பாதை, போர் முடிந்த பிறகே திறந்தது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனங்கள் நின்றுதான் போகும். கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினால், அடுத்து ஆனையிறவு உப்பளவெளி.

750: யாழ்ப்பாணம் – பருத்தித்துறை.

776: யாழ்ப்பாணம் – குறிகட்டுவான். பண்ணைப் பாலம் கடந்து, இருபக்கமும் கடலாகக் கிடக்கும் தாம்போதிகளால் போகும். இறங்கு துறையில் நயினாதீவுக்குப் படகு ஏறலாம்.

உள்ளூர் பஸ்கள் யாழ் போதனா வைத்தியசாலைக்கு அருகில் உள்ள மத்திய பஸ் நிலையத்தில் நிற்கும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று போகும்போதே நடத்துனரிடம் கேட்டு வையுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் போக்குவரத்து மாறும்.

கட்டணமும் மிச்சக் காசும்

சாதாரண சேவைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு அரைச் சொகுசு. இரண்டு மடங்கு சொகுசு. பெரிய நோட்டைக் கொடுத்தால் நடத்துனர் மிச்சத்தை ரிக்கெற்றின் பின்பக்கம் எழுதித் தருவார். இறங்குமுன் அதைக் காட்டிக் கேட்க வேண்டும். வெளிநாட்டுக் காசில் அது சில சதம்தான். ஆனாலும் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு இறங்காதீர்கள். பக்கத்து இருக்கைக்காரரும் அதே மிச்சத்துக்காகத்தான் காத்திருக்கிறார். நாங்கள் விட்டுவிட்டுப் போகப் போக, அவர் தன் காசைக் கேட்பது கூச்சமான காரியமாகிவிடும். கணக்கு வேலை பார்த்த பழக்கத்தில் சொல்கிறோம்: கொடுக்க விருப்பமென்றால் கொடுக்க வேறு இடங்கள் உண்டு.

முறைப்பாடு இருந்தால் பஸ்ஸின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கவனிக்க

முன்னிருக்கைகள் மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டவை. கர்ப்பிணிகளுக்கும் வலுவிழந்தோருக்கும் தனி இருக்கைகள் உண்டு. அவர்கள் ஏறினால் எழும்பிவிட வேண்டும். பெரிய பயணப்பெட்டியோடு மினிபஸ்ஸில் ஏறாதீர்கள். நெரிசலில் கடவுச்சீட்டும் கைப்பையும் மார்போடு இருக்கட்டும்.

இன்னொன்று: அகதிப் பயணப் பத்திரம் பொதுவாகச் சொந்த நாட்டுக்குச் செல்லாது. போய் வந்தால் அகதி அந்தஸ்தையே இழக்க நேரலாம். சட்டத்தரணியிடம் கேட்காமல் சீட்டு வாங்க வேண்டாம். நாங்களும் குடியுரிமை வரும்வரை காத்திருந்துதான் போனோம்.

ஏன் பஸ்?

750 இல் எங்கள் மகளுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா இருந்தார். "பிள்ளை எவடம்? ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார். மகள் தன் தமிழில் ஊரையும் அப்பப்பாவின் பேரையும் சொன்னாள். "அட, வாத்தியாற்றை பேத்தியே! நான் அவரிட்டைப் படிச்சனான்" என்று அவள் கையைப் பிடித்தவர், இறங்கும்வரை விடவில்லை.

அன்று இரவு மகள், அப்பப்பா என்ன பாடம் படிப்பித்தவர் என்று கேட்டாள். அதுவரை அவரைப் பற்றி எங்களிடம் ஒன்றுமே கேட்டதில்லை.