கணக்குக் கேட்ட ஆசிரியைகள்: சிகாகோ ஆசிரியர் சங்கத்தின் கதை

சிகாகோ நகரத்தைத் தமிழர்களுக்கு இரண்டு வகையில் தெரியும். 1893-இல் விவேகானந்தர் பேசிய ஊர். 1886-இல் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்த ஊர். அந்தத் தியாகத்தின் நினைவான மே தினத்தை இந்தியாவில் முதன்முதலாக 1923-இல் சென்னையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். ஆனால் அதே ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் கட்டிய சங்கத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது குறைவு. ஆசிரியர் இயக்கத்தின் விழா மலரில் அந்த வரலாற்றுக்கு ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தே இதை எழுதுகிறேன். அரசுப் பள்ளிக்கும் ஆசிரியர் சங்கங்களுக்கும் இன்று உலகெங்கும் வந்திருக்கும் நெருக்கடிகளில் பெரும்பாலானவை அந்த ஒரே நகரம் ஏற்கெனவே பார்த்தவை.

சிகாகோ ஆசிரியர் கூட்டமைப்பு 1897-இல் தோன்றியது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தொடக்கப் பள்ளிப் பெண்கள். 1895-இல் கிடைத்த ஓய்வூதியச் சட்டத்தை இழந்துவிடக் கூடாது என்ற கவலைதான் அவர்களை ஒன்றுசேர்த்தது. 2003 ஏப்ரலுக்குப் பின் பணியில் சேர்ந்த நம் ஆசிரியர்களுக்கு அந்தக் கவலையை விளக்க வேண்டியதில்லை. அடுத்து ஊதிய உயர்வு கேட்டார்கள். கல்வி வாரியம் ஒப்புக்கொண்டது. பிறகு பணம் இல்லை என்று சொல்லி உயர்வைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்த இடத்தில்தான் மார்கரெட் ஹேலி வருகிறார். இறைச்சிக் கூடங்கள் நிறைந்த தொழிலாளர் பகுதியில் ஆறாம் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர். அவரும் தோழி கேத்தரின் காகினும் வாரியத்திடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. பணம் ஏன் இல்லை என்று தேடப் போனார்கள். வரி ஆவணங்களைப் புரட்டியபோது, நகரத் தெருக்களைப் பயன்படுத்தி லாபம் பார்த்த எரிவாயு, மின்சார, தொலைபேசி, டிராம் நிறுவனங்கள் தங்கள் உரிமங்களின் மதிப்புக்கு உரிய வரியைக் கட்டவே இல்லை என்று தெரிந்தது. ஹேலி வகுப்பறையை விட்டுச் சங்கத்தின் முழுநேர ஊழியரானார். வழக்குப் போட்டார்கள். 1901-இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் ஆசிரியைகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. லட்சக்கணக்கான டாலர் வரி பொதுக் கருவூலத்துக்கு வந்து சேர்ந்தது.

அப்படி வந்த பணத்தையும் வாரியம் வேறு செலவுகளுக்குத் திருப்பியது. மறுபடியும் வழக்கு. 1904-இல் எட்வர்ட் டன் என்ற நீதிபதி ஆசிரியைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்; அடுத்த ஆண்டே அவர் நகர மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று அந்தப் பெண்களுக்கு வாக்குரிமை கிடையாது. 1902-இல் அவர்கள் சிகாகோ தொழிற்சங்கக் கூட்டமைப்பில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். தச்சர்களுக்கும் வண்டியோட்டிகளுக்கும் வாக்கு இருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் இந்த ஆசிரியைகளிடம்தான் படித்தார்கள். படித்த ஆசிரியைகள் கூலித் தொழிலாளர் சங்கத்தில் போய்ச் சேருவதா என்று நகரத்துப் பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். என் கணிப்பில், அந்தச் சங்கம் எடுத்த முடிவுகளில் இதற்கு இணையான இன்னொன்று இல்லை.

பதிலடி வராமல் இருக்குமா? 1915-இல் கல்வி வாரியத்தில் ஜேக்கப் லோப் கொண்டுவந்த விதி, தொழிற்சங்கத்தோடு இணைந்த அமைப்பில் ஆசிரியர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது என்றது. 1916-இல் 68 ஆசிரியர்களுக்கு மறுநியமனம் மறுக்கப்பட்டது. அவர்களில் 38 பேர் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள். நல்ல ஆசிரியர்கள் என்று பெயர் வாங்கியவர்களும் அதில் இருந்தார்கள். அதே ஆண்டில் அமெரிக்க ஆசிரியர் சம்மேளனம் உருவாகி, அதன் முதல் கிளை என்ற எண்ணைச் சிகாகோ பெற்றது. 1917-இல் பணிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதே ஆண்டில் கூட்டமைப்பு தொழிற்சங்க இணைப்பிலிருந்து விலக வேண்டியதாயிற்று. வேலை தப்பியது, தோழமை போயிற்று.

1930-களின் பெருமந்தத்தில் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தது. ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை; கொடுத்தபோதும் ரொக்கத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டுகள் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் அவற்றை முழு மதிப்புக்கு வாங்க மறுத்தார்கள். 1933 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் நகர மையத்து வங்கிகளுக்குள் புகுந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அந்தக் கோடையில் வாரியம் நடுநிலைப் பள்ளிகளை ஒழித்தது, மழலையர் வகுப்புகளைப் பாதியாகக் குறைத்தது. இந்த அடிகளுக்குப் பிறகே, ஆண் ஆசிரியர் சங்கம், பெண் ஆசிரியர் சங்கம், தொடக்கப் பள்ளிச் சங்கம் என்று பிரிந்து கிடந்தவை 1937-இல் சிகாகோ ஆசிரியர் சங்கமாக இணைந்தன. ஹேலியின் கூட்டமைப்பு அந்த இணைப்பில் சேரவில்லை. 1939-இல் அவர் காலமானார்.

சங்கத்தின் வரலாற்றைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் வேகமாகக் கடந்துபோகும் பகுதி ஒன்று உண்டு. அங்கே நின்றாக வேண்டும். 1950, 60-களில் நகரின் கறுப்பினப் பள்ளிகள் பிதுங்கி வழிந்தன. பக்கத்து வெள்ளையர் பள்ளிகளில் இடம் இருந்தும், கல்வித் தலைவர் பெஞ்சமின் வில்லிஸ் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தகரக் கொட்டகை வகுப்பறைகளை இறக்கினார். 1963 அக்டோபர் 22 அன்று சுமார் 2,25,000 மாணவர்கள் பள்ளியைப் புறக்கணித்தார்கள். அந்தப் போராட்டத்தின் முன்னணியில் பெற்றோரும் உரிமை இயக்கத்தினரும் இருந்தார்கள், சங்கம் இல்லை. கறுப்பின ஆசிரியர்களில் ஏராளமானோர் ஆண்டுக்கணக்கில் மாற்று ஆசிரியர்களாகவே வைக்கப்பட்டிருந்தார்கள். வேலை முழு நேரம், ஆனால் நிரந்தரப் பணி கிடையாது. நம்மூர்த் தொகுப்பூதிய நண்பர்களுக்கு இது நன்றாகப் புரியும். அந்தக் கறுப்பின ஆசிரியர்களுக்காகச் சங்கம் காலத்தே குரல் கொடுக்கவில்லை. 1968-இல் அவர்கள் சங்கத்தைக் கேட்காமலே வேலைநிறுத்தம் செய்தார்கள். 1969-இல் சங்கம் தன் முதல் வேலைநிறுத்தத்தை அறிவித்தபோது, கறுப்பின ஆசிரியர்கள் பலர் மறியலைத் தாண்டிப் பள்ளிக்குள் போனார்கள். அவர்களைக் கருங்காலிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கூட்டுப் பேர உரிமை 1960-களின் நடுவில் கிடைத்து, 1967-இல் முதல் ஒப்பந்தம் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் பல வேலைநிறுத்தங்கள். ஊதியம் உயர்ந்தது. ஆனால் ஒவ்வொரு வேலைநிறுத்தத்திலும் பெற்றோர் பொறுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 1987-இல் 19 பள்ளி நாட்கள் நடந்த வேலைநிறுத்தத்தில் பெற்றோரே தெருவுக்கு வந்து இரு தரப்பையும் கண்டித்தார்கள். அந்தக் கோபத்திலிருந்து 1988-இல் ஒரு சட்டம் பிறந்தது: ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள, தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி மன்றம். தலைமையாசிரியரை நியமிக்கும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது. 1995-இல் மாநில அரசு கல்வி வாரியம் முழுவதையும் மேயர் கையில் கொடுத்து, வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பது போன்ற விஷயங்களைச் சங்கம் பேரம் பேச முடியாதபடி சட்டத்தைச் சுருக்கியது. பெற்றோர் துணை இல்லாத சங்கம் அதைத் தடுக்க முடியவில்லை.

2004-இல் மேயர் ரிச்சர்ட் டேலியும் கல்வித் தலைவர் ஆர்னி டங்கனும் ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். தேர்ச்சி குறைந்த பள்ளிகளை மூடி, 2010-க்குள் 100 புதிய பள்ளிகள் திறப்பது. அவற்றில் பெரும்பகுதி அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் சார்ட்டர் பள்ளிகள். டங்கன் பிறகு ஒபாமா அரசில் கல்வி அமைச்சரானார். சிகாகோவின் சூத்திரம் நாடு முழுவதும் போயிற்று. பழைய சங்கத் தலைமை ஒப்பந்தம், முறையீடு என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. 2008-இல் சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கினார்கள். பள்ளி மூடல் பற்றிய விசாரணை எங்கே நடந்தாலும் பெற்றோர்களோடு போய் உட்கார்ந்தார்கள். அந்த வட்டம் 2010-இல் சங்கத் தேர்தலில் வென்றது. வேதியியல் ஆசிரியை கேரன் லூயிஸ் தலைவரானார்.

2011-இல் ஒரு சட்டம் வந்தது. வேலைநிறுத்தம் செய்ய, வாக்களித்தவர்களில் அல்ல, மொத்த உறுப்பினர்களில் 75 விழுக்காட்டினர் ஒப்ப வேண்டும். எட்ட முடியாத இலக்கு என்று நினைத்தே அதை வைத்தார்கள். 2012 ஜூனில் சுமார் 90 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். அதற்கு முன்பே சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. சிகாகோ பிள்ளைகளுக்கு எப்படிப்பட்ட பள்ளி வேண்டும் என்பதே அதன் பொருள்: சிறிய வகுப்புகள், நூலகர், செவிலியர், இசை, ஓவியம், விளையாட்டு. செப்டம்பர் 10 அன்று சுமார் 26,000 ஆசிரியர்கள் சிவப்புச் சட்டையோடு தெருவில் இறங்கினார்கள். ஏழு பள்ளி நாட்கள். பெற்றோரில் பெரும்பான்மையினர் அவர்கள் பக்கம் நின்றார்கள். 1987-ஐயும் 2012-ஐயும் அருகருகே வைத்துப் படியுங்கள். நான் சொல்ல வந்தது முழுவதும் அதில் இருக்கிறது.

அடுத்த அடி விரைவிலேயே விழுந்தது. 2013 மே மாதம் வாரியம் 50 பள்ளிகளை மூட முடிவு செய்தது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். சேர்க்கை குறைவு என்பது சொல்லப்பட்ட காரணம். டையட் என்ற மேல்நிலைப் பள்ளிக்காக 2015-இல் பெற்றோரும் ஆசிரியர்களும் 34 நாட்கள் உண்ணாநிலை இருந்தார்கள். அந்தப் பள்ளி அடுத்த ஆண்டு திறந்தது.

2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜானஸ் வழக்கில், உறுப்பினர் அல்லாத அரசு ஊழியரிடம் சங்கம் எந்தக் கட்டணமும் வசூலிக்கக் கூடாது என்றது. வழக்கு இல்லினாயிலிருந்தே போனது. தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் ஒரே வீச்சில் லட்சத்துக்கு மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநீக்கம் செய்யப்பட்டதையும், வேலைநிறுத்தம் உரிமையாகாது என்று அடுத்த மாதம் நம் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் பார்த்தவர்கள் நாம். தென் கொரியாவில் 1989-இல் சங்கம் அமைத்ததற்காக ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் நீக்கப்பட்டார்கள். 1993-இல் ஸ்டாக்ஹோமில் கூடி அமைக்கப்பட்டு பிரஸ்ஸல்ஸிலிருந்து இயங்கும் சர்வதேசக் கல்வி அமைப்பின் கூட்டங்களில் இத்தகைய கதைகள் கண்டம் கண்டமாக வருகின்றன. 2030-க்குள் உலகுக்கு இன்னும் 4 கோடியே 40 லட்சம் ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. தேவை அவ்வளவு இருக்கும் காலத்தில்தான் ஆசிரியரின் குரல்வளை நெரிக்கப்படுகிறது.

ஜானஸ் தீர்ப்பு வந்த அதே ஆண்டின் டிசம்பரில், சிகாகோவின் சார்ட்டர் பள்ளி ஆசிரியர்கள் அமெரிக்காவிலேயே முதன்முறையாகச் சார்ட்டர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்துக்கு மாற்றாகக் கட்டிய பள்ளிகளுக்குள்ளேயே சங்கம் போய்ச் சேர்ந்தது. 2019-இல் 11 பள்ளி நாட்கள் நடந்த வேலைநிறுத்தத்தின் முடிவில், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு செவிலியரும் ஒரு சமூகப் பணியாளரும் என்பது ஒப்பந்தத்தில் ஏறியது. வீடில்லாத மாணவர்களின் நிலையும் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தது. 2021-இல் பழைய பேர உரிமைகள் சட்டப்படி திரும்பின. கல்வி வாரியத்தைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கவும் சட்டம் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில், மூளைக் கட்டியோடு பல ஆண்டுகள் போராடிய கேரன் லூயிஸ் மறைந்தார்.

2023-இல் சங்கத்தின் முன்னாள் அமைப்பாளர் பிராண்டன் ஜான்சன் மேயரானார். சங்கத்துக்கு அதுவரை வராத சோதனை இது. பள்ளிகளின் நிதிப் பற்றாக்குறையை எப்படிச் சமாளிப்பது என்ற தகராறில் 2024 அக்டோபரில் வாரியத்தின் ஏழு உறுப்பினர்களும் ஒன்றாக விலகினார்கள். 2025-இல் வேலைநிறுத்தம் இல்லாமலே ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கான பணத்தைத் தேடும் வேலை இன்னும் முடியவில்லை. கோட்டையில் நம் ஆள் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் சிகாகோவைக் கவனிக்க வேண்டும். ஹேலி காலத்துக் கேள்வியே அங்கே இன்றைக்கும் நிற்கிறது: பணம் எங்கே, யார் கட்டவில்லை?

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஒன்றியத்தில் கடந்த பத்தாண்டுகளில் எந்தப் பள்ளியில் சேர்க்கை எவ்வளவு குறைந்தது, எது மூடப்பட்டது அல்லது இணைக்கப்பட்டது, எங்கே பணியிடம் காலியாகக் கிடக்கிறது, எந்த நிதி வந்து எதற்குச் செலவானது என்ற கணக்கை உறுப்பினர்களே எடுங்கள். அதைத் தீர்மானமாக அரசுக்கு அனுப்புவதற்கு முன்னால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன் வாசியுங்கள்.